2.24 என்ற எண்ணும் மண்ணியல் ஏ.ஆர்.எஸ். தேர்வும்

முடிவு வெளியாகி ஒன்பது நாள்கள் ஆகின்றன. தெரிவுப் பட்டியலில் என் பதிவெண் இருப்பது உறுதியான பிறகும் அந்தக் கோப்பைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சென்ற முறை அது இல்லாததை எத்தனை தடவை பார்த்தேனோ, அந்தக் கடன் இன்னும் அடையவில்லை போலும். நினைவு மங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்பதால் எழுதுகிறேன். மண்ணியலை விருப்பப் பாடமாகக் கொண்டு ஏ.ஆர்.எஸ். என்ற வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வை எழுதுபவர்களுக்கானது இது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எப்படி, முதன்மைத் தேர்வின் 240 மதிப்பெண் எப்படி, நேர்காணலின் 60 எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் முயற்சியில் நெட் எளிதாகவே கடந்தது. முதன்மைத் தேர்வில் நேர்காணல் அழைப்புக்கு மூன்று மதிப்பெண் குறைந்தது. அந்த மூன்று எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியும் என்றே இன்றுவரை நம்புகிறேன். வேறு இடங்களிலும் தவறியிருப்பேன் என்று என் நெறியாளர் பலமுறை சொன்னார்; அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றை வீட்டுக்கு வரும் வழியில் மனத்துக்குள் மறுபடி போட்டுப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்ததே, அதை நான் மறக்கவில்லை.

கணக்கு இதுதான். கரிசல் மண், 30 செ.மீ. ஆழம், பரும அடர்த்தி (துளைகளையும் சேர்த்த மண்ணின் அடர்த்தி) கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம், சத்தின் அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம். ஹெக்டேருக்கு எத்தனை கிலோ? நான் கேள்வியை முழுவதும் படிக்காமலே 10 ஐ 2.24 ஆல் பெருக்கி 22.4 என்று எழுதி, அடியில் கோடும் கிழித்து, அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். உண்மையான விடை 36. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர், 0.30 மீட்டர் ஆழத்துக்கு 3,000 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.2 டன் வீதம் 3,600 டன், அதாவது 36 லட்சம் கிலோ மண். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால் 36 கிலோ சத்து. பத்தாம் வகுப்பு மாணவன் போடும் கணக்கு. முதுநிலைப் பட்டம் பெற்று, முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருந்த நான் போடவில்லை.

ஏன் போடவில்லை என்பதைத்தான் ஓர் ஆண்டு முழுவதும் யோசித்தேன். நான் சேர்ந்திருந்த பயிற்சி மையம் ஒன்றின் அச்சிட்ட குறிப்பில் ‘பி.பி.எம். × 2.24 = கிலோ/ஹெக்டேர்’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். பி.பி.எம். என்பது கிலோவுக்கு மில்லிகிராம்தான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஓர் ஏக்கரின் உழவாழ மண் 20 லட்சம் பவுண்டு எடை கொண்டது என்பது பழைய தோராயம். அதை ஹெக்டேருக்கும் கிலோவுக்கும் மாற்றினால் 22.4 லட்சம் கிலோ வருகிறது. நாம் வழக்கமாக மாதிரி எடுக்கும் 15 செ.மீ. ஆழத்துக்கு இது பொருந்த வேண்டுமானால் பரும அடர்த்தி ஏறத்தாழ 1.49 ஆக இருந்தாக வேண்டும். கரிசலுக்கும் அதற்கும் வெகுதூரம்.

இதைப் புரிந்துகொண்ட நாளில் இன்னொன்றும் பிடிபட்டது. தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே குறைவு, 560க்கு மேலே அதிகம். ஆல்சன் என்ற ஆய்வக முறையில் அளந்த மணிச்சத்து (பாஸ்பரஸ்) 11 வரை குறைவு, 22க்கு மேல் அதிகம் என்று ஆண்டுக்கணக்காக மனப்பாடம் செய்து வந்திருக்கிறோம் அல்லவா? 125, 250, 5, 10 என்ற எண்களை 2.24 ஆல் பெருக்கிப் பாருங்கள். நான்கு வரம்புகளும் அப்படியே வரும். நாம் மண்ணின் இயல்பு என்று நினைத்து உருப்போட்டுக்கொண்டிருந்த எண்களுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. தேர்வுக்கு வெளியேயும் இது முக்கியம் என்பதைப் பின்னால், நேர்காணலில், தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் முயற்சிக்கு நான் செய்த ஒரே புதிய காரியம் ஒரு நோட்டுப் புத்தகம். நான்கு பத்திகள்: எண், அலகு, முறை, ஆழம். எந்தப் பாடத்தைப் படித்தாலும் அதில் வரும் எண்ணை இந்த நான்கும் நிறையும்வரை விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆழம் பொருந்தாத இடத்தில் குறுக்குக்கோடு. முறை தெரியாவிட்டால் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும். காலிக் கட்டம் கண்ணை உறுத்தும். உறுத்துவதால் தேடிப் படிப்போம். பத்து மாதங்களில் 214 வரிகள் சேர்ந்தன. வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினாலும் பரவாயில்லை.

முறைக் கட்டம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உவர் மண்ணுக்கான எல்லை மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் என்று எல்லோருக்கும் தெரியும். அது நிறைவுற்ற மண் குழம்பிலிருந்து வடித்த சாற்றின் மின்கடத்துத்திறன். ஆய்வகங்களில் அன்றாடம் அளப்பதோ ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீர் கலந்த கரைசலில். அந்தக் கரைசலில் 1.5 என்று காட்டும் மண்ணை ‘உவர் இல்லை’ என்று எழுதிவிட்டால் தவறு. நீர்த்ததால்தான் எண் சிறுத்திருக்கிறது, நிறைவுச் சாற்றில் அது நான்கைத் தாண்டியிருக்கக்கூடும். அதேபோல் மணிச்சத்து என்றால் உடனே ஆல்சனா பிரேயா என்று கேட்கப் பழகுங்கள். சுண்ணாம்பும் காரத்தன்மையும் உள்ள மண்ணுக்கான பைகார்பனேட் சாற்றின் எண்ணை அமில மண்ணுக்கான பிரே முறையின் வரம்போடு ஒப்பிடுவது, வெப்பமானியின் அளவை எடைக்கல்லோடு ஒப்பிடுவது போன்றது.

அலகுக் கட்டத்தில் நான் அதிகமாக வழுக்கிய இடம் தனிமமும் ஆக்சைடும். பரிந்துரை 26.2 கிலோ பாஸ்பரஸ் என்று கேள்வியில் இருந்தால், அது 60 கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடு. பெருக்க வேண்டிய காரணி 2.29. 16 சதவீத சூப்பர் பாஸ்பேட் உரமாக அது 375 கிலோ. மாற்றாமல் நேரே 0.16 ஆல் வகுத்தால் 164 கிலோ வரும். பயிருக்குப் பாதி உரம்கூடப் போகாது. பொட்டாசியத்துக்கு 1.2. பயிற்சித் தாள்களில் இதே தவறை ஏழு முறை செய்திருக்கிறேன், எண்ணி வைத்திருக்கிறேன்.

நெட்டுக்கு, சுருக்கமாக:

- தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். இரண்டில் ஒன்று என்று குறுக முடிந்தால் மட்டும் தொடுங்கள்.
- மண்ணின் அங்ககக் கார்பனை அளக்கும் வாக்லி–பிளாக் முறை அதில் ஏறத்தாழ 77 சதவீதத்தையே ஆக்சிகரிக்கும், 1.3 என்ற திருத்தக் காரணி அதனால்தான் வருகிறது. 1.724 வேறு, அது கார்பனை அங்ககப் பொருளாக மாற்றுவதற்கு. இரண்டையும் குழப்பாதீர்கள்.
- பரும அடர்த்தி 1.33, துகள் அடர்த்தி 2.65 என்றால் துளைப்பரப்பு பாதி. இதைத் தலைகீழாகவும் கேட்பார்கள்.
- மண் நீரின் அழுத்தம்: வயல் கொள்திறன் −33, நிரந்தர வாடல் நிலை −1,500 கிலோ பாஸ்கல். எதிர்க்குறியை விட்டுவிட்டு வருத்தப்பட வேண்டாம்.
- களர் மண்ணுக்கான எல்லை, மாற்றுச் சோடியம் 15 சதவீதம்.
- புள்ளியியலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சமவாய்ப்புத் தொகுதி அமைப்பில் பிழையின் கட்டின்மைப் படிகளைத் தூக்கத்திலும் சொல்ல வேண்டும்.

மண் வகைப்பாட்டை நான் சரியாகப் படிக்கவில்லை. பன்னிரண்டு வரிசைகளும் அவற்றின் முக்கியத் துணை வரிசைகளும் தெரிந்திருந்தன; அதற்கு மேல் என் மூளை ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் அதைப் பற்றி ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

படிக்கும் முறை பற்றிக் கேட்கிறார்கள். நான் மெதுவாகப் படிப்பவன். குழுவாக உட்கார்ந்தால் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேனே தவிர எதுவும் ஏறாது. மாதிரித் தேர்வுகள் மொத்தம் நான்குதான் எழுதினேன். ஒவ்வொன்றும் இரண்டு நாள் மனத்தைக் கெடுத்தது. என்னோடு தேர்வான தோழி ஒருவர் நாற்பதுக்கு மேல் எழுதியிருக்கிறார், அவருக்கு அது பொருந்தியது. உங்கள் குணம் என்னுடையதைப் போல இருந்தால் மட்டும் என்னைப் பின்பற்றுங்கள்.

முதன்மைத் தேர்வில் வளங்குன்றா வேளாண்மை தொடர்பான விரிவான விடைகளில்தான் பெரும்பாலோர் நழுவுகிறார்கள் என்று நினைக்கிறேன். மண் வளம் காக்க வேண்டும், இயற்கை உரம் இட வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதினால் மேடைப் பேச்சாகிவிடும். சான்று வேண்டும், சான்று என்பது நீண்டகால வயல் ஆய்வுகளில் இருக்கிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843 முதல் நடந்துவரும் பிராட்பாக் கோதுமை ஆய்வு, கோயம்புத்தூரில் 1909 இல் தொடங்கிய நிலையான எரு ஆய்வு, 1970 இல் தொடங்கிய அகில இந்திய நீண்டகால உர ஆய்வுத் திட்டம் ஆகிய மூன்றையும் ஆழமாகப் படித்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு அடித்தளம் கிடைத்துவிடும். தழைச்சத்தை மட்டும் ஆண்டுதோறும் இட்ட நிலத்தில் விளைச்சல் எப்படிச் சரிகிறது, தொழு உரமும் சேர்ந்த நிலத்தில் ஏன் நிலைக்கிறது என்பதைக் காரணத்தோடு எழுதுங்கள்: ஒரே சத்து தொடர்ந்து போனால் மற்றவை மண்ணிலிருந்து சுரண்டப்படுகின்றன; அமில மண்ணில் அமிலத்தன்மையும் கூடுகிறது; எந்தச் சத்து முதலில் தட்டுப்படுகிறதோ அதுவே விளைச்சலின் உச்சவரம்பாகிறது.

இதிலும் எண்ணைக் கொண்டுவர முடியும். நிலைத்த விளைச்சல் குறியீடு என்பது சராசரி விளைச்சலிலிருந்து திட்ட விலக்கத்தைக் கழித்து, பெற்ற அதிகபட்ச விளைச்சலால் வகுப்பது. சராசரி 4.0 டன், விலக்கம் 0.6, அதிகபட்சம் 5.0 என்றால் 0.68. உரப் பயன்திறனையும் இப்படியே ஒரு கணக்கோடு காட்டுங்கள்: 120 கிலோ தழைச்சத்து இட்ட நிலத்தில் 5.0 டன், இடாத நிலத்தில் 2.6 டன் என்றால், கிலோ தழைச்சத்துக்கு 20 கிலோ கூடுதல் தானியம். மொத்த விளைச்சலை அப்படியே வகுத்தால் 41.7 வரும், அது வேறு குறியீடு, அதில் மண் தானாகக் கொடுத்ததும் சேர்ந்திருக்கிறது. இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் விளக்கியது எனக்குக் கைகொடுத்தது என்று நம்புகிறேன்.

நேர்காணலுக்கு வருகிறேன். போபாலில் மண்ணியல் நிறுவனம், கர்னாலில் உவர் மண் ஆய்வு, ஜோத்பூரில் வறண்ட நிலம், ஐதராபாத்தில் மானாவாரி, நாக்பூரில் மண் வரைபடம் என எங்கு வேண்டுமானாலும் பணியமர்த்தப்படலாம் என்பதால், ஒவ்வொரு நிறுவனத்தின் மையப் பிரச்சினையையும் ஒரு பக்கத்தில் எழுதிப் படித்துப் போனேன். அதில் ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை.

ஓர் உறுப்பினர், விவசாயி ஒருவர் மண்வள அட்டையோடு வந்து, தழைச்சத்து ஹெக்டேருக்கு 300 கிலோ, நடுத்தரம் என்று காட்டினால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். நோட்டுப் புத்தகம் கண்முன் விரிந்தது. அட்டையில் அளக்கப்படும் பன்னிரண்டு கூறுகளில் பரும அடர்த்தி இல்லை. ஆகவே அந்த 300, ஒரு பொது அனுமானத்தின் வழியாக மில்லிகிராமிலிருந்து வந்த எண். அவர் நிலம் கரிசலா மணலா என்பதைக் கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவேன் என்றேன். அவர் சிரித்தார். அதற்காகவே ஓர் ஆண்டு போனாலும் போகட்டும் என்று அந்த நிமிடம் தோன்றியது.

அந்த மகிழ்ச்சி அடுத்த கேள்விவரைதான் நீடித்தது. என் ஆய்வு வயலின் மண் நயம் (மணல், வண்டல், களி கலந்திருக்கும் விதம்) என்ன என்று மற்றோர் உறுப்பினர் கேட்டார். ‘கிளே லோம்’ என்றேன், களி ஓரளவு கலந்த மண். கையில் ஈரப்படுத்தி நாடாவாகத் தள்ளிப் பார்த்தீர்களா, எத்தனை சென்டிமீட்டரில் முறிந்தது என்று கேட்டார். இரண்டரையிலிருந்து ஐந்து வரை நீண்டால் கிளே லோம் வகை, ஐந்தைத் தாண்டினால் கிளே, அதாவது களிமண், என்று பாடம் ஒப்பித்தேன். என் மண்ணை நான் அப்படிச் செய்து பார்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டார். நேர்காணலுக்குப் போகுமுன் உங்கள் ஆய்வு மண்ணைக் கையில் எடுத்துப் பிசையுங்கள். அந்த ஐந்து நிமிடத்தை எந்தப் புத்தகமும் ஈடு செய்யாது.

ஊர் திரும்பிய மறுநாள் ஆய்வகத்தில் மிச்சமிருந்த மாதிரிப் பையைப் பிரித்து, ஒரு பிடி மண்ணில் நீர் தெளித்து, கட்டிகள் கரையும்வரை பிசைந்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்லத் தள்ளினேன். விரலைத் தாண்டித் தொங்கி, ஆறரை சென்டிமீட்டரில்தான் முறிந்தது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் ஆறுக்கு மேல். என் ஆய்வேட்டின் 34ஆம் பக்க அட்டவணையில் ‘கிளே லோம்’ என்று அச்சாகியிருக்கிறது. எந்த முறையில் அளந்தது என்று அதன் அருகில் நான் எழுதியிருக்கவில்லை.