ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு இணைக்க எல்லோரிடமும் அனுமதி வாங்கினோம்

கோத்தகிரி பக்கம் பசுந்தேயிலை கொள்முதலுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிய மென்பொருள் இது. தராசு காட்டும் எடை, விவசாயியின் பெயரோடு தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும். ஒரு கிலோ குறைந்தாலும் அது அவர் கூலி. நடுவில் யாரும் மாற்ற முடியாதபடி ஓப்பன்எஸ்எஸ்எல் வழியாக அனுப்புகிறோம். தகவலை மறையாக்கி அனுப்ப மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு, அதாவது லைப்ரரி, அது. எங்கள் நிரலுக்கு லைசென்ஸ் ஜிபிஎல் 2 மட்டும். நிரலைப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலோடு, அதே லைசென்ஸில், கூடுதல் நிபந்தனை எதுவும் போடாமல் கொடுக்கச் சொல்லும் லைசென்ஸ் அது. "அல்லது பிந்தைய பதிப்பு" என்ற வரி கிடையாது; அதனால் ஜிபிஎல் 3 தானாகப் பொருந்தாது.

குன்னூரிலிருந்து இன்னொரு தொழிற்சாலை கேட்டபோதுதான் லைசென்ஸ் பேச்சு வந்தது. மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தால் அது விநியோகம்; அதற்கு ஜிபிஎல் நிபந்தனைகள் பொருந்தும்.

பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் லைசென்ஸில் விளம்பரத்தில் பெயர் போடச் சொல்லும் நிபந்தனை உண்டு. ஜிபிஎல் அதை ஏற்காது. 2021-இல் வந்த 3.0 பதிப்பு அப்பாச்சி 2.0 என்ற வேறு லைசென்ஸுக்கு மாறியதும் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் சொன்னார்கள். ஜிபிஎல் 3-க்குத் தீர்ந்தது. அப்பாச்சியின் காப்புரிமை (பேடன்ட்) பிரிவு ஜிபிஎல் 2-இல் இல்லாத நிபந்தனை என்பதால், 'ஜிபிஎல் 2 மட்டும்' என்றால் பொருந்தாது என்பதே ஜிபிஎல்லை வெளியிடும் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் நிலை. இயங்குதளத்தோடு (ஆபரேட்டிங் சிஸ்டம்) வரும் லைப்ரரிகளுக்கு ஜிபிஎல் 2-இன் 3-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. லைப்ரரியும் நிரலோடு சேர்ந்தே வந்தால் அந்த விலக்கு இல்லை. எங்கள் கார்டில் இரண்டும் இருந்தன.

ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் லைசென்ஸில் வரும், இதே வேலையைச் செய்யும் க்னூடிஎல்எஸ் லைப்ரரிக்கு மாறியிருக்கலாம். மறுமுனையில் இருப்பது சரியான கணினிதானா என்று அதன் டிஜிட்டல் சான்றிதழைச் சரிபார்க்கும் பகுதியை அவசரத்தில் திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு இணைக்க அனுமதிக்கும் விலக்கு வரியை லைசென்ஸில் சேர்ப்பதே சரி என்று முடிவெடுத்தோம். அதற்கு நிரல் எழுதிய ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும்.

பெரும்பாலோர் மின்னஞ்சலிலேயே சம்மதம் எழுதினார்கள். ஒருவர் வேலை நேரத்தில், வேலையின் பகுதியாக எழுதியவர். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அப்படி எழுதியது முதலாளிக்கே சொந்தம் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டம். அவர் சம்மதித்தும் போதவில்லை. நிறுவனத்தின் கடிதத்துக்குக் காத்திருந்தோம். அங்கே இதை யாரிடம் கேட்பது என்றே யாருக்கும் தெரியவில்லை. இதில் மிகவும் இழுத்தடித்தது அதுதான்.

ரசீது அச்சிடும் பகுதியை எழுதியவரை எப்படித் தேடியும் பிடிக்க முடியவில்லை. அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, பழைய நிரலைப் பார்த்திராத ஒரு தம்பியிடம் என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லிப் புதிதாக எழுதவைத்தோம்.

இப்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் விலக்கு வரி இருக்கிறது. யார் திருத்தம் அனுப்பினாலும், அதே நிபந்தனையில் தருகிறீர்களா, நிரல் உங்களுடையதா, நிறுவனத்துடையதா என்று முதலிலேயே கேட்கிறோம். குன்னூருக்குக் கார்டோடு மூல நிரலையும் கொடுத்தாயிற்று.