கேமரா கயிறு பிடிப்பவரிடம் இருக்கட்டும்

மரம் வெட்டும் வீடியோக்களைத் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் மேலே ஏறியவரின் ஹெல்மெட்டில் மாட்டிய கேமராவில் எடுத்தவைதான் வரும். செயின்சாவின் முனை, பறக்கும் மரத்தூள், சாய்ந்து போகும் உச்சிக்கிளை, அப்புறம் ஒரு குலுக்கல். இதே தொழிலில் இருப்பவன் என்பதால் நானும் விரும்பிப் பார்க்கிறேன், நிறையக் கற்றும் இருக்கிறேன். ஆனால் வெட்டிய துண்டைத் தரையில் விழவிடாமல் கயிற்றில் தொங்கவிட்டு இறக்குகிறோமே, ரிக்கிங் என்று சொல்கிறோமே, அந்த வேலையில் பாதி மேலே நடக்கவே இல்லை. அது கீழே நிற்பவரின் கையில் நடக்கிறது. அங்கே யாரும் கேமரா வைப்பதில்லை. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

நான் வேலை செய்வது டொராண்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவில். இங்கே பின்கட்டுகள் சின்னவை. சில்வர் மேப்பிள் ஒன்று ஐம்பது அறுபது வருடம் வளர்ந்து வேலிக்கும் கராஜுக்கும் பக்கத்து வீட்டுக் கூரைக்கும் மேலாகப் பரந்து நிற்கும். நகராட்சி அனுமதி வாங்கி (தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் விட்டம் 30 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அனுமதி வேண்டும்) வேலையைத் தொடங்கினால், ஒரு கைப்பிடிக் கட்டையைக்கூட அப்படியே கீழே போட இடம் இருக்காது. அடியோடு சாய்ப்பது என்ற பேச்சே இல்லை. எல்லாம் துண்டு துண்டாகக் கயிற்றில்தான் இறங்கவேண்டும்.

கருவிகள் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெட்டப்போகும் இடத்துக்குச் சற்றுக் கீழே, தண்டைச் சுற்றி ஸ்லிங் என்கிற தனிக் கயிற்றைக் கட்டி, அதில் பிளாக் என்கிற கனத்த கப்பியைத் தொங்கவிடுவோம். கயிற்றின் ஒரு முனை வெட்டப்படும் துண்டில் கட்டியிருக்கும். மறுமுனை கப்பி வழியாகக் கீழே வந்து, மரத்தின் அடியில் கட்டியிருக்கும் போர்ட்டா ராப் என்கிற உலோகக் குழாயில் சில சுற்றுகள் சுற்றி, கயிறு பிடிப்பவரின் கைக்கு வரும். அந்தச் சுற்றுகள் கொடுக்கும் உராய்வுதான் பிரேக். ஊரில் வீட்டோரத்து வேப்பங்கிளையை இறக்கும்போது பக்கத்து மரத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிப்பார்களே, அதே கணக்குத்தான். ஒரு சுற்றுக் கூடினால் பிடி சற்றுக் கூடுவதில்லை, பல மடங்காகப் பெருகும். அதனால் எத்தனை சுற்று என்பதை வெட்டுக்கு முன்பே முடிவு செய்தாகவேண்டும். துண்டு கிளம்பிவிட்டால் பிறகு சுற்றைக் கூட்டவோ குறைக்கவோ நேரம் கிடையாது.

இப்போது எடையைப் பாருங்கள். அரை மீட்டர் விட்டம், 1.2 மீட்டர் நீளம் உள்ள பச்சை சில்வர் மேப்பிள் துண்டு சுமார் 170 கிலோ இருக்கும். கிளைகளை எல்லாம் இறக்கிவிட்டு மொட்டைத் தண்டை வெட்டும்போது, கப்பி எப்போதும் வெட்டுக்குக் கீழேதான் இருக்கும், மேலே கட்ட எதுவும் மிச்சம் இல்லை. அதாவது துண்டு முதலில் கப்பியைத் தாண்டித் தலைகீழாக விழுந்து, அதன் பிறகுதான் கயிறு அதைப் பிடிக்கும். அந்த விழும் தூரத்துக்கு ஏற்ப, சட்டென்று நிறுத்தினால் கயிற்றில் வரும் இழுவை 170 கிலோவின் பல மடங்கு. இன்னொன்றும் உண்டு: கப்பிக்கு இருபக்கமும் கயிறு கீழ்நோக்கி இழுக்கிறது. ஆகவே தண்டின்மேல் விழும் பாரம் கயிற்றில் உள்ளதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏறியவர் தன்னைக் கட்டியிருப்பதும் அதே தண்டில்தான்.

அரை அங்குலத் தடிமன் உள்ள நல்ல பாலியெஸ்டர் ரிக்கிங் கயிறு சுமார் 4,500 கிலோ வரை அறாது என்பார்கள், உண்மைதான். ஆனால் அது புதுக் கயிறு, முடிச்சு இல்லாமல், மெல்ல இழுத்துச் சோதித்த கணக்கு. முடிச்சு போட்டாலே பலம் கணிசமாகக் குறையும். உரசி, வெயில் பட்டு, பலமுறை அதிர்ச்சி வாங்கிய கயிற்றின் கணக்கு வேறு. பெட்டியில் அச்சடித்த எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு, முடிந்தால் பத்தில் ஒரு பங்கு மட்டுமே நம் கையிருப்பு என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் வழக்கம்.

இந்த இடத்தில்தான் கீழே நிற்பவர் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார். துண்டு கயிற்றுக்கு வந்ததும் அவர் இறுக்கிப் பிடித்தால் முழு அதிர்ச்சியும் கப்பிக்கும் தண்டுக்கும் போகும். கயிற்றை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்து நிறுத்தினால் மேலே இருப்பவருக்கு ஒரு மெல்லிய ஆட்டம் மட்டும்தான் தெரியும். எங்களிடம் கயிறு பிடிப்பவர் பருத்தித்துறைக் கடற்கரையில் வளர்ந்தவர், சிறு வயதிலிருந்தே கயிறும் வலையும் கையில். குழுவில் தமிழ் தெரியாதவர்களும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வந்த ஒரு பையனுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டேன்: "கயித்தை இறுக்கிப் பிடிக்காத தம்பி, ஓட விடு. கடைசியிலதான் மெல்ல மெல்ல நிப்பாட்டோணும்." நான் படித்த பயிற்சிக் கையேடுகள் எதிலும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அவர் கைகளைப் பார்க்கவேண்டும். உறை போட்ட வலது கை கயிற்றைச் சுற்றிக்கொள்ளாமல் வெறுமனே மூடியிருக்கும், கயிறு அதற்குள் வழுக்கிப் போகும். கைக்குப் பின்னால் உள்ள கயிறு தளர்வாக, சிக்கில்லாமல், கால் படாத இடத்தில் குவிந்திருக்கும். கயிற்று வளையத்துக்குள் கால் வைத்து நிற்பதை அவர் கண்ணில் பட்டால் வேலையையே நிறுத்திவிடுவார், அப்படித்தான் நிறுத்தவும் வேண்டும். துண்டு தலைகீழாகத் திரும்பும்வரை பிடி தளர்ந்தே இருக்கும், கயிறு நீண்டு விறைக்கும்போது ஒரு சின்ன ஓட்டம், தரைக்கு ஒரு ஆள் உயரம் இருக்கும்போது நிறுத்தம். ஹெல்மெட் கேமரா வீடியோவில் இது எதுவுமே தெரியாது. அதில் துண்டு மறையும், படம் ஆடும், "நைஸ்" என்று ஒரு குரல் கேட்கும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் கீழே இருந்து பார்த்தால்தான் புரியும். வேலை இறங்க இறங்க ரிக்கிங் சுலபமாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், உயரம் குறைகிறதே என்று. உண்மையில் கஷ்டமாகிறது. மேலே இருக்கும்போது கயிறு நீளம், நீளமான கயிறு நன்றாக இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், ஓடவிட இடமும் இருக்கும். கீழே வரவரத் தண்டு பருக்கும், துண்டின் எடை கூடும், கயிறு குட்டையாகும், ஓடவிடத் தூரமும் இல்லை. அப்போது துண்டைச் சிறிதாக வெட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அண்ணை கீழே இருந்து கையால் அளவு காட்டுவார், மேலே இருப்பவர் ஒத்துக்கொள்வார். நல்ல குழுவில் துண்டின் நீளத்தைச் சொல்லும் உரிமை கயிறு பிடிப்பவருக்கும் உண்டு.

இங்குள்ள ஆஷ் மரங்கள் சாகத் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சுக்கு இன்னும் அவசரம் வந்துவிட்டது. எமரால்ட் ஆஷ் போரர் என்கிற பச்சை வண்டு ஆசியாவிலிருந்து வந்தது. வட அமெரிக்காவில் 2002-ல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடித்தார்கள், டொராண்டோவில் 2007-ல். புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்றுகொண்டே போய் மரத்தின் சத்து ஓட்டத்தை அறுத்துவிடும். வண்டு வெளியேறிய துளை ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இருக்கும், மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். செத்த ஆஷ் சீக்கிரமே காய்ந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பச்சை மேப்பிளில் வெட்டும்போது மிச்சம் விடும் நார்ப்பட்டை, அதாவது ஹின்ஜ், வளைந்து கொடுத்துத் துண்டைத் திசை பார்த்து அனுப்பும். காய்ந்த ஆஷில் அது பாதியிலேயே பட்டென்று ஒடியும். இப்படிப்பட்ட தண்டில் அதிர்ச்சி ஏற்றக்கூடாது, பல மரங்களில் ஆள் ஏறவே கூடாது, கிரேனோ, ஆளைக் கூடையில் வைத்து மேலே தூக்கும் பக்கெட் லாரியோ கொண்டுவருவதுதான் சரி.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். ஹெல்மெட்டில் பலரும் மாட்டும் கோப்ரோ 2004-ல் முதலில் வந்தபோது மணிக்கட்டில் கட்டும் ஃபிலிம் கேமரா. அலைச்சறுக்கு ஆடுபவர்கள் தங்களைத் தாங்களே படம் எடுக்கச் செய்தது. அணிபவரையே நாயகனாக்கும் கருவி. மரத்திலும் அது அதையே செய்கிறது, ஏறியவர் மட்டும் தெரிகிறார்.

நாங்கள் இப்போது இரண்டு கேமரா வைக்கிறோம். ஒன்று ஏறுபவரின் ஹெல்மெட்டில், ஓட்டை போடாமல் ஒட்டும் பிடிப்பில் (ஹெல்மெட்டில் துளை போட்டால் அதன் பாதுகாப்புத் தரம் போய்விடும்), தனியாக ஒரு மெல்லிய கயிற்றால் கட்டி. பதினைந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் கேமராவும் ஒரு விழும் பொருள்தான். உச்சந்தலையில் நிமிர்த்தி வைக்காமல் பக்கவாட்டில், முடிந்தவரை ஹெல்மெட்டோடு ஒட்டி வைக்கவேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு சின்னக் கிளையும் அதைப் பிடித்து இழுக்கும், கழுத்துத்தான் வாங்கும். இரண்டாவது அண்ணையின் மார்பில். அவர் தலையில் மாட்டினால் துண்டைப் பார்க்க அண்ணாந்துவிடுவார், கைகள் படத்தில் வராது. மார்பில் கட்டினால் போர்ட்டா ராப்பும் இரண்டு கையும் எப்போதும் படத்துக்குள் இருக்கும். ஒரே ஒரு கட்டாயம்: கிளைகளைச் சிப்பர் என்கிற அரைக்கும் இயந்திரத்துக்குள் தள்ளப் போகும் முன் அந்த மார்ப்பட்டையைக் கழற்றியே ஆகவேண்டும். தொங்கும் பட்டை, தளர்ந்த உடை, எதுவும் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் போகக்கூடாது. இதில் சமரசம் கிடையாது.

அமைப்புகளில் ஒன்றை முக்கியமாகச் சொல்லவேண்டும். படம் ஆடாமல் வருவதற்காக எல்லாக் கேமராவிலும் ஒரு வசதி இருக்கிறது, எல்லோரும் அதைப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். வேலையைக் கற்றுக்கொள்ள எடுப்பதாக இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். கயிறு துண்டைப் பிடிக்கும் கணத்தில் தண்டு எவ்வளவு ஆடியது என்பதுதான் நமக்குத் தெரியவேண்டிய விஷயமே, அந்த வசதி அதைத்தான் வழித்துத் துடைத்துவிடுகிறது. பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஒன்றும் தெரியாது. அகலக் கோணத்தையும் நம்பவேண்டாம். அதில் தூரங்கள் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும், ஓரத்தில் இருக்கும் நேரான தண்டு வளைந்து தெரியும், துண்டுக்கும் கூரைக்கும் நடுவே நிறைய இடம் இருந்ததுபோல் ஒரு மாயை. லீனியர் என்ற அமைப்பில் ஓரங்களின் வளைவு குறையும், கொஞ்சம் வெட்டுப்படும், பரவாயில்லை. நொடிக்கு 120 ஃபிரேம்கள் வைத்தால் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். ஜனவரிக் குளிரில் பேட்டரி கண்ணெதிரே இறங்கும், மாற்றுப் பேட்டரியை உள்சட்டைப் பையில் உடல் சூட்டோடு வைத்திருக்கவேண்டும். ஆனாலும் குளிர்காலம்தான் படம் எடுக்க நல்லது, இலை இல்லாததால் கயிறு போகும் வழி முழுக்கத் தெரியும்.

சாயங்காலம் இரண்டு வீடியோவையும் பக்கம் பக்கமாக வைத்து, செயின்சா அணையும் சத்தத்தை வைத்து நேரத்தைப் பொருத்தி ஓட்டுவோம். ஹின்ஜ் ஒடிந்ததிலிருந்து கயிறு விறைக்கும்வரை ஏறக்குறைய அரை நொடி. அந்த அரை நொடியில் இடது படத்தில் துண்டு திரும்புகிறது, வலது படத்தில் அண்ணையின் கை அசையவே இல்லை. அப்புறம் கயிறு ஓடத் தொடங்குகிறது, இடது படம் லேசாக ஒருமுறை ஆடி நிற்கிறது. அதே அளவுத் துண்டைச் சுற்று ஒன்று அதிகம் வைத்து இறக்கிய வீடியோவில் வலது பக்கம் கயிறு ஓடவில்லை, இடது பக்கம் அடிவானமே சாய்ந்து திரும்புகிறது. புதிய பையன் இந்த இரண்டையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். எத்தனை சுற்று என்று அவனே இப்போது கேட்டுவிட்டுத்தான் கயிற்றைக் கையில் எடுக்கிறான்.

வெளியே போடும் வீடியோவாக இருந்தால் வீட்டு எண், பக்கத்துக் கொல்லை, வண்டியின் நம்பர் பலகை எல்லாம் மறையவேண்டும், வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டிருக்கவேண்டும். ஒற்றைக் கையில் செயின்சா பிடித்து வெட்டும் காட்சிகளை நான் பகிர்வதே இல்லை, எத்தனை லட்சம் பேர் பார்த்திருந்தாலும் சரி. அதைப் பார்த்து வீட்டு ஏணியில் ஏறுபவர்கள் இருக்கிறார்கள்.

உங்களில் யாராவது கயிறு பிடிப்பவர் பக்கத்திலிருந்து எடுத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். முக்கியமாக, அடித்தண்டின் கடைசி இரண்டு மூன்று துண்டுகள், கயிறு குட்டையாகி ஓடவிட இடமே இல்லாத கட்டத்தில் எத்தனை சுற்று வைத்தீர்கள், துண்டை எவ்வளவு நீளத்துக்கு வெட்டினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அண்ணையிடம் காட்டி அவர் என்ன சொல்கிறார் என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன்.