எடை எவ்வளவு?

மருந்துக்கடை வேலையில் மனிதருக்கும் நாய்க்கும் ஒரே டப்பாவிலிருந்து நான் அடிக்கடி எடுத்துக் கொடுக்கும் மருந்து செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக். ஒரு சீட்டு தோல் மருத்துவர் எழுதியது, அடுத்தது கால்நடை மருத்துவர் எழுதியது. காப்ஸ்யூல் அதேதான். நான் கேட்கிற கேள்விகள்தான் வேறு.

மனிதர் என்றால் முதலில் பென்சிலின் ஒவ்வாமை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாத எல்லோருக்கும் இதுவும் ஆகாது என்ற பழைய பயம் மிகைதான். ஆனால் செஃபலெக்சின் மூலக்கூறின் பக்கச் சங்கிலியும் (ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய பகுதி) பென்சிலின் வகையான ஆம்பிசிலினுடையதும் ஒன்று. ஆம்பிசிலினால் முகம் வீங்கியதாக ஒருவர் சொன்னால், மருத்துவரிடம் பேசாமல் கொடுப்பதில்லை. அடுத்து சிறுநீரகம். மருந்தின் பெரும்பகுதி உருமாறாமல் சிறுநீரில் போய்விடுகிறது. சிறுநீர்த் தொற்றுக்கு இது கேட்பதும், சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைப்பதும் அதனால்தான்.

நாய் என்றால் எடை. தோல் தொற்றுக்கு கிலோவுக்கு 22 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை என்பது வழக்கமான கணக்கு. 23 கிலோ நாய்க்கு 500 மில்லிகிராம் காப்ஸ்யூல் கச்சிதம். 5 கிலோ நாய்க்கு 110 போதும், அங்கே காப்ஸ்யூல் உதவாது. சரி, குழந்தைகள் சிரப்பை அளந்து ஊற்றலாமே என்பார்கள். லேபிளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அதுவே நாய்க்கு விஷம். சிகிச்சையும் நீளம், வாரக்கணக்கில் போகும். சொறிவது நின்றதும் உரிமையாளர்கள் மருந்தை நிறுத்திவிடுவதுதான் பெரிய தலைவலி.

இருவருக்கும் பொதுவான புகார் நாற்றம். “கெட்டுப்போச்சு போல” என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். கந்தகம் உள்ள மூலக்கூறு, வாடை அப்படித்தான் இருக்கும். இந்த மருந்துக் குடும்பத்தின் பூர்வீகமும் மணமானதல்ல: 1945இல் இத்தாலியின் சார்டினியா தீவிலுள்ள காலியாரியில், சாக்கடை கலக்கும் கடல்நீரில் ஜூசெப்பே பிரோட்சு என்ற மருத்துவ ஆய்வாளர் கண்ட பூஞ்சைதான் தொடக்கம். நாய்க்கு உணவில் பொதிந்து கொடுத்தால் வாடையும் மறையும், வாந்தியும் குறையும்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது வேறொரு கேள்வி: “நாய்க்கு வாங்கினது மிச்சமிருக்கு, முயலுக்குக் கொடுக்கலாமா?” கூடாது. முயல், கினிப் பன்றி, வெள்ளெலி (ஹாம்ஸ்டர்) ஆகியவற்றின் குடல் தன் பாக்டீரியாக்களை நம்பி இயங்குவது. வாய்வழி செஃபலெக்சின் அவற்றில் நல்லவற்றை அழித்தால் க்ளோஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்கும். விலங்கு செத்தே போகலாம். அப்படிக் கேட்பவரைக் கால்நடை மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன், மிச்சக் காப்ஸ்யூல்களை வாங்கி வைத்துக்கொண்டு.