சாய்ந்து நிற்கும் வீடுகள்

குழித்துறையில் தாமிரபரணிக் கரையோரம் எங்கள் பாட்டி வீடு. 2017-இல் ஒக்கி வீசியபோது ஓடுகள் பறந்தன. தேக்கு உத்தரம் அசையவில்லை. அந்த ஞாபகத்தில்தான் பிரான்சின் நாந்த் நகரில், ஃபெய்தோ தீவு வீடுகளைப் பார்த்ததும் அண்ணனிடம் அஸ்திவாரத்தைப் பற்றிக் கேட்டேன். லுவார் ஆற்று மணலில் மரங்களை இறக்கி, 18-ஆம் நூற்றாண்டில் கட்டியவை. மணல் அமுங்க அமுங்க, வீடுகள் ஒன்றோடொன்று தோள் சாய்ந்து நிற்கின்றன. ஜன்னல்களுக்கு மேலே கல்லில் செதுக்கிய முகங்கள். தாடிக்காரர் ஒருவர் என்னையே பார்த்தார். அழகுதான். ஆனால் இதில் பல வீடுகள் அடிமை வியாபாரப் பணத்தில் எழுந்தவை. அப்புறம் என்னால் ரசிக்க முடியவில்லை.

ஆறும் இப்போது அங்கே இல்லை. 1926-இல் தொடங்கி, தீவைச் சுற்றி ஓடிய ஆற்றுக் கிளைகளை மண் கொட்டி மூடிவிட்டார்கள். படகு நின்ற இடத்தில் டிராம் ஓடுகிறது. ஊர் வந்ததும் நேரே படித்துறைக்குப் போய், கால் நனைய நின்றேன்.