எலைசா அம்மாவைப் பார்க்க இடையன்குடிக்கு

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் இருந்த காலத்தில், "ஒரு நாள் உன்னைக் கால்டுவெல் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூட வேலையும், அது முடிந்தால் சபை வேலையுமாக அவருக்கு நாள் கிடைக்கவே இல்லை. போன மாதம் அம்மா தானாகவே கேட்டாள். "மக்களே, இடையன்குடிக்கு ஒருக்கா போயிட்டு வருவமா?"

வெளியூர் புறப்படுகிற நாளில் நாகர்கோவில் ஹோம் சர்ச்சில் ஒரு ஜெபம் பண்ணாமல் அம்மா பஸ் ஏற மாட்டாள். காலை ஆறரைக்கு அங்கே போய் உட்கார்ந்தோம். எங்கள் பயணம் உண்மையில் தொடங்கியது அந்த இடத்தில்தான். இடையன்குடியின் கதையைக் கால்டுவெல் கப்பலில் வந்து இறங்கியதிலிருந்து சொல்லுவது வழக்கம். அதில் ஒரு பாதி, அவர் மனைவி எலைசாவின் கதை, நாகர்கோவிலில் ஆரம்பித்தது என்பது எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

லண்டன் மிஷன் ஊழியர்களாகச் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி நாகர்கோவிலுக்கு வந்தது 1819 கடைசியில். 1854 வரை, முப்பத்தைந்து வருடம் இங்கேயே இருந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே வேண்டாத வேலை என்றிருந்த காலத்தில், மார்த்தா பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிக்கவும் தைக்கவும் கற்றுக்கொடுத்தார். 1821 வாக்கில் லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசைச் சேர்த்துவைத்துத் தங்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அரசாங்கம் உத்தரவு போட்டது 1855ல். அதற்கு எத்தனையோ வருடம் முந்தியே, நூலையும் ஊசியையும் வைத்து இந்தப் பிள்ளைகள் விடுதலை வாங்கியிருக்கிறார்கள். மார் மறைக்கும் உரிமை நம் பெண்களுக்கு இல்லாதிருந்தபோது, அவர்கள் போட்டுக்கொள்ளத் தளர்ந்த ஒரு குப்பாயத்தை வடிவமைத்ததிலும் மார்த்தாவின் கை இருந்தது. மார் மறைக்கலாம் என்று மகாராஜாவின் அறிவிப்பு வந்தது 1859ல். அப்போது மால்ட் தம்பதி இங்கே இல்லை.

என் ஆச்சியும் லேஸ் பின்னினவள். உருளைத் தலையணையை மடியில் வைத்து, வரைந்த தாளின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவாள். கட்டைகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தத்தில்தான் நான் தூங்கிப் பழகினேன். அம்மாவின் டீச்சர் டிரெயினிங் படிப்புக்கு அந்தக் கூலிதான் பணம்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்தவர். தெருவிலும் அடுக்களையிலும் பேசுகிற தமிழ் அவருக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். 1844ல் இதே ஊரில் ராபர்ட் கால்டுவெல்லுக்கு அவரைக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். நம் ஊர்ப் பெண்பிள்ளைகளைப் போலவே அம்மா கற்றுக்கொடுத்ததை எடுத்துக்கொண்டு அவர் புருஷன் வீட்டுக்குப் போனார். இடையன்குடிக்கு லேஸ் போனது அப்படித்தான்.

அஞ்சுகிராமம், கூடங்குளம் வழியாகப் போனோம். அன்று செவ்வாய்க்கிழமை. உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போகிறவர்களால் பஸ் நிறைந்துவிட்டது. பூமாலையும் மெழுகுவர்த்தியும் மடியில் வைத்திருந்த ஓர் அக்கா அம்மாவுக்கு இடம் விட்டு எழுந்தார். "நீங்களும் உவரிக்கா?" என்றார். "இல்ல, இடையன்குடிக்கு." "அங்க என்ன விசேஷம்?" அம்மா கொஞ்சம் யோசித்தாள். "எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி அங்க அடங்கியிருக்கா. பாக்கப் போறோம்."

கூடங்குளம் தாண்டியதும் காற்றாலைகள், அதற்கப்புறம் பனை, பனை, பனை. மண் சிவந்துகொண்டே வந்தது. ஜன்னலை அடைத்தாலும் உதட்டில் மணல் ஒட்டியது. அயர்லாந்தில் மழையிலும் பச்சையிலும் பிறந்த ஒரு மனுஷன், சென்னையில் மூன்று வருடம் இருந்துவிட்டு, 1841ல் அங்கிருந்து கால்நடையாகவே கிளம்பினார். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு கடைசியில் இந்தத் தேரிக்காட்டு ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். ஏன் நடந்தே வந்தார் என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "பல்லக்கில வந்தா ஜனங்களை எப்படிப் பாக்கது?" என்றார் அப்பா.

இடையன்குடிக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது தெருக்கள். நூல் பிடித்ததுபோல் நேராகப் போகின்றன. தெருவை அளந்து போட்டு, கிணறு தோண்டி, மரம் வைத்து ஓர் ஊரை அவர் திருத்தி எழுப்பினார். நல்ல வெயில் நேரத்திலும் ஊர் அமைதியாக இருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் எங்களைக் கண்டதும் சாவியோடு வந்தார். "தோத்திரம்மா. எங்கேருந்து வாறீய?" நாகர்கோவில் என்றதும் முகம் மலர்ந்தது. "அப்போ நீங்க பொண்ணு வீட்டு ஆளுவல்லா!" இந்த வார்த்தை அம்மாவுக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்பதை அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

தூய திரித்துவ ஆலயத்தின் உள்ளே கால் வைத்ததும் உடம்பு குளிர்ந்தது. வெளியே அனலாக இருந்த காற்று, அந்த உயர்ந்த கூரைக்கும் கூர்மாட ஜன்னல்களுக்கும் கீழே வேறு காற்றாகிவிட்டது. கோதிக் பாணிக் கட்டடம். 1847ல் தொடங்கி, 1880 ஜூலை 6 அன்றுதான் பிரதிஷ்டை ஆனது. முப்பத்து மூன்று வருடம்! கல் இருந்தால் கூலிக்குப் பணமில்லை. பணம் கிடைத்த வருடம் மழை கிடையாது. 1877ல் வந்த பெரும் பஞ்சத்தில் ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றுவதா, சுவர் எழுப்புவதா என்ற நிலை. இந்த மாதிரி ஜன்னலை முன்பின் பார்த்திராத நம் ஊர்க் கொத்தனார்களுக்குக் களிமண்ணில் மாதிரி செய்து காட்டிப் புரியவைத்தார் என்று பெரியவர் சொன்னார். அந்த வளைவுகளை நான் விரலால் தடவிப் பார்த்தேன். நம் ஆட்களின் உளி பட்ட கல்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அஸ்திவாரம் போட்ட கோயில் முடிகையில் எலைசாவுக்கு வயது அறுபதை நெருங்கியிருக்கும். அதற்குள் ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்த்திருந்தார். பெண்பிள்ளைகளுக்கு உண்டுறைப் பள்ளி தொடங்கினார். லேஸ் வகுப்பு நடத்தினார். பனையேறிக் குடும்பங்களின் பிள்ளைகள் அவரிடம் எழுத்துப் படித்தார்கள். ஆண்கள் வருடத்தில் பாதி நாள் மரத்தின்மேல் உயிரைப் பணயம் வைத்துப் பதநீர் இறக்க, பெண்கள் வெயிலில் நின்று கருப்பட்டி காய்ச்சிய ஊர் இது. அந்தப் பெண்கள் நிழலில் உட்கார்ந்து கையில் காசு பார்க்கிற ஒரு தொழிலை எலைசா கொண்டுவந்தார்.

கால்டுவெல்லின் மொழிப் பணியைப் பற்றித் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1856ல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தமிழ் வடமொழியின் துணையில்லாமல் தன் காலில் நிற்கக்கூடிய மொழி என்று உலகத்துக்கு எடுத்துவைத்தது. சென்னைக் கடற்கரையில் 1968ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். அவர் வாழ்ந்த வீட்டை 2011ல் அரசு நினைவில்லமாக்கியது. இது எல்லாம் பெருமைதான். ஆனால் இலக்கணம் எழுதியவர் பெரியவராகக் கற்றுக்கொண்ட தமிழை, பக்கத்தில் இருந்த மனைவி பிள்ளைப் பிராயத்திலேயே பேசி வளர்ந்தவர் என்பதை இனிமேல் யார் கால்டுவெல்லைப் பற்றிப் பேசினாலும் நான் சேர்த்தே சொல்லுவேன். ஊர்ப் பெண்கள் கிணற்றடியில் என்ன பேசினார்கள் என்பது அந்த வீட்டுக்குள் எலைசா வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

மனதில் உள்ள இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1849ல் கால்டுவெல் எங்கள் ஜனங்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் அவர் எங்கள் முன்னோர்களை விவரித்த விதம் ஆழமாகப் புண்படுத்தியது. எதிர்ப்பு எழுந்தது. பின்னாளில் அதை அவர் புழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அப்பா இதை மறைக்க மாட்டார். ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லுவார். நம்மை நேசித்தவர்களும் நம்மைத் தப்பாகப் பார்த்திருக்கிறார்கள், அதைத் தெரிந்துகொண்டே நன்றி சொல்லலாம் என்பார். அந்தக் கோயிலில் முழங்கால் போட்டபோது அந்த வலியும் என்னோடு இருந்தது. அதையும் சேர்த்தேதான் ஜெபித்தேன்.

பிறகு பெரியவர் எங்களைப் பீடத்தருகே அழைத்துப் போனார். 1877ல் பேராயராக அபிஷேகம் பெற்ற பின்னும் கால்டுவெல்லின் மனம் இந்த ஊரிலேயே இருந்தது. 1891 ஆகஸ்ட் 28 அன்று கோடைக்கானலில் அவர் உயிர் பிரிந்தது. குளிர்ந்த மலையில் அடக்கம் செய்துவிடாமல், அங்கிருந்து இந்தச் சூட்டுக்கு உடலைக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் ஐம்பத்து மூன்று வருடம் இருந்தவர், தான் கட்டின கோயிலின் பீடத்தடியில் அடங்கினார். 1899ல் எலைசாவும் இதே கோயிலில் அவரோடு வந்து சேர்ந்தார்.

அம்மா பையிலிருந்து ஆச்சி பின்னின லேஸ் துண்டை எடுத்தாள். கொண்டு வந்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. ஒரு கை அகலம்தான் இருக்கும். பழுப்பேறிய வெள்ளை நூலில் ஓரத்தில் இலைக்கொடி. அதைப் படைக்கப் போகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ காட்டுகிறவளைப்போல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மடித்துப் பைக்குள் வைத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனையை மெல்லப் பாட ஆரம்பித்தாள். இரண்டாவது அடியில் பெரியவரும் சேர்ந்துகொண்டார். அந்தக் கூரை எங்கள் மூன்று குரலையும் ஒரு சபையின் குரலாக்கித் திருப்பித் தந்தது.

நினைவில்லத்தையும் பார்த்தோம். அந்த வாசலில் நின்றால் கோயில் தெரிகிறது. நடந்தால் சில நிமிஷம். தினமும் அந்தத் தூரத்தைத்தான் இரண்டு பேரும் நடந்திருப்பார்கள், அவர் கட்டட வேலை பார்க்க, இவர் பள்ளிக்கூடத்துக்கு. அப்பாவும் அம்மாவும் காலையில் ஒன்றாகக் கிளம்பித் தெருமுனையில் ஆளுக்கொரு பள்ளிக்கூடம் பார்த்துப் பிரிந்து போவது கண்ணில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரியாமல் போவார்கள்.

சாயங்காலம் திரும்புகிற பஸ்ஸில் கூட்டமில்லை. உவரியில் ஏறின ஒரு குடும்பம் சில்லுக்கருப்பட்டி வாங்கிவந்திருந்தது. அம்மாவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவள் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஐயா எந்த வருஷம் போனாவ?"

"1891, அம்மா."

"அவங்க?"

"1899."

ஜன்னலுக்கு வெளியே பனைகளின் நிழல் நீண்டு ரோட்டைத் தாண்டிக் கிடந்தது.

"எட்டு வருஷம்," என்றாள் அம்மா. கருப்பட்டியை இரண்டாக உடைத்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினாள்.