தோலை உரித்துப் பார்த்தாயா?

டெக்சாஸில், சான் ஆஞ்செலோவுக்குத் தெற்கே ஓர் ஆட்டுப் பண்ணை. கால்நடை மருத்துவ மேற்படிப்பின்போது பயிற்சிக்காக அங்கே இருந்தேன். குட்டி போடும் பருவத்தில் விடிந்ததும் முதல் வேலை வேலியோரம் நடப்பது. அங்கே வேலி என்பது ஆடு நுழைய முடியாத கம்பிவலை. கொயோட்டி அதைத் தாண்டுவதைவிட அடியில் நுழையத்தான் பார்க்கும். மண் பறிந்து வழவழப்பான பொந்து, கம்பி நுனியில் நாலைந்து சாம்பல் மயிர் என்றால் அதுதான் தடம். (நம்மூர் நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. தமிழ்ப் பெயர் தேடி அலுத்து, கொயோட்டி என்றே விட்டுவிட்டேன்.)

கண்ணி போடக் கற்றுக்கொடுத்தவர் ஒரு முதியவர். விஷம் வைத்த காலத்தையும் பார்த்தவர். 1972-இல் அமெரிக்க அரசு ஸ்ட்ரிக்னைன், 1080 என்ற அந்த விஷங்களைத் தடுத்ததும் எஃகு வடக் கண்ணிக்கு மாறியவர். ஒரு பக்கம் மட்டும் நழுவும் பூட்டு, பொந்தின் அளவுக்குச் சுருக்கு. மானின் கால் மாட்டினால் உருவிக்கொள்ள, 2.5 அங்குல விட்டத்தில் ஒரு தடை. காவல்நாய் இருக்கும் பண்ணையில் போடவே மாட்டார். பொந்துக்கு ஆள் தெரியாது என்பார்.

ஒரு ஏப்ரலில் ஐந்து குட்டிகள் செத்துக் கிடந்தன. அவர் ஊரில் இல்லை. நானே ஆறு கண்ணி போட்டேன். நாலு நாளில் இரண்டு கொயோட்டி. ஒன்று பால் சுரந்த பெண். ஐந்தாம் நாள் மேலும் மூன்று ஆடுகள் போயின.

திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. தோலை உரித்துப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். இல்லை. மண்டியிட்டு, செத்த ஆட்டைத் தாடையிலிருந்து மார்புவரை உரித்தார். குரல்வளை சுத்தமாக இருந்தது. கொயோட்டி அங்கேதான் கவ்வி மூச்சை நிறுத்தும். வெளியே கம்பளி மறைத்தாலும், தோலின் உட்புறத்தில் கோரைப்பல் துளையும் ரத்தக்கட்டும் காட்டிக்கொடுக்கும். இங்கே தொடையும் விலாவும் காதும் கண்டபடி குதறிக் கிடந்தன. தின்றது கொஞ்சம்தான். நாயின் வேலை. ஒரு மைலுக்குள் புதிதாக வீடுகள் வந்திருந்ததும், இரவில் அங்கே நாய்களை அவிழ்த்துவிடுவதும் எனக்குத் தெரிந்தவைதான்.

ஆட்டைத் தொடாத கொயோட்டி ஜோடி இருந்தால் வேறு ஜோடியை எல்லைக்குள் விடாது என்று சொல்லியபடியே கண்ணிகளைச் சுருட்டினார்.

மே மாதம் இன்னொரு குட்டி செத்துக் கிடந்தது. கண்ணிப் பையைத் தொடுமுன் கத்தியை எடுத்தேன். குட்டியின் கழுத்துத் தோலுக்கடியில் நான்கு துளைகள்.