ஒரே அச்சு, 22 நிமிடம்

'மிராகுலஸ்' (பிரான்ஸ், 2015) கார்ட்டூனை ரெண்டு மூணு எபிசோட் பார்த்தாலே அச்சு பிடிபட்டுவிடும். பாரிஸில் யாராவது மனம் நொந்து நிற்பார். முதல் சீசனில் பல தடவை அதற்குக் காரணம், நாயகியின் வகுப்பில் படிக்கும் திமிர் பிடித்த க்ளோயி. முக்கிய வில்லன் ஹாக் மாத் அனுப்பும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி அவரிடமுள்ள ஒரு பொருளுக்குள் புகும், ஆள் வில்லனாகிவிடுவார். பொருளை உடைத்தால் மட்டும் போதாது. பூச்சியைப் பிடித்துச் சுத்தமாக்காமல் விட்டால் அது பெருகும். பள்ளி மாணவி உருமாறி வரும் சூப்பர் நாயகி லேடிபக், தொடக்கக் கதையில் கோட்டைவிட்டது இங்கேதான்.

எனக்குப் பிடித்த உத்தி லேடிபக்கின் 'லக்கி சார்ம்' சக்தி. சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பொருள் மேலிருந்து விழும். அவள் சுற்றிப் பார்க்க, தேவையானவை மட்டும் சிவப்பில் கறுப்புப் புள்ளியோடு மின்னும். அந்தப் பொருட்களை முன்பே காட்சியில் வைத்திருந்தால்தான் இது எடுபடும். இல்லையென்றால் பச்சை அழுகுணி ஆட்டம்.

சக்தியைப் பயன்படுத்தியதும் 5 நிமிடக் கெடு. அவள் காதுத் தோட்டிலுள்ள 5 புள்ளிகள் ஒவ்வொன்றாக அணையும், முடிந்ததும் வேஷம் கலைந்து பழைய மாணவியாகிவிடுவாள். சண்டைக்குப் பரபரப்பு, ரகசியம் காக்க ஓட்டம், ரெண்டும் ஒரே விதியில் கிடைத்துவிடுகின்றன. (அந்த 5 நிமிடம் திரையில் எவ்வளவு நீளும் என்று கேட்கக் கூடாது!)

உருமாறும் காட்சி திரும்பத் திரும்ப அதே துண்டு. குழந்தைகளுக்குச் சடங்கு, தயாரிப்பாளருக்குச் சிக்கனம்.

கடைசியில் சார்மை மேலே எறிந்தால் இடிந்ததெல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் எபிசோடுகளை எந்த வரிசையிலும் போடலாம். பிந்தைய சீசன்களில் தொடர்கதை நுழைந்தபிறகும் நாட்டுக்கு நாடு வரிசையை மாற்றிப் போட்டதுதான் வினை.